மேற்குப் பார்த்த சிறிய சேலைக்கடை: ஷோகேஸை எப்படி அமைப்பது?

சுங்குடிக்கடை மருமகள் எழுதியது:

வணக்கம். மதுரை விளக்குத்தூணிலிருந்து கூப்பிடு தூரத்தில், கீழமாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் சேலைக்கடை இருக்கிறது. மாமனார் தொடங்கிய கடை. புள்ளி புள்ளியாக இருக்கும் சுங்குடிச் சேலைதான் பிரதானம். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததும் உண்டு, மெழுகு அச்சுப் போட்டதும் உண்டு.

பழைய அமைப்பில் ஷட்டரைத் தூக்கினால் நேரே பாய்தான். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருவார்கள், மாமா ஒவ்வொரு சேலையாக உதறிப் போட்டுக் காட்டுவார். தை மாதம் கடையைப் புதுப்பித்தபோது வாசலுக்கு இடப்புறம் ஆறடி அகலத்தில், இரண்டரை அடி ஆழத்தில் கண்ணாடி ஷோகேஸ் ஒன்று கட்டினோம். பின்னால் கருநீல வெல்வெட் துணி. உள்ளே ஆளுயரப் பொம்மைகள் இரண்டு, அவற்றைச் சுற்றி மடித்த சேலைகள் இருபதுக்கு மேல்.

ஆனால் சந்தில் போகிற கூட்டம் அப்படியே போய்விடுகிறது. ஷோகேஸ் பக்கம் திரும்புகிறவர்களும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிற்பகலில் நானே வெளியே நின்று பார்த்தேன். எதிர்க்கடை போர்டும் என் முகமும்தான் தெரிகின்றன, சேலை தெரியவில்லை. போதாக்குறைக்கு, ராணி பிங்க் சேலை ஒன்று மடிப்பு ஓரத்தில் வெளுத்துவிட்டது.

இன்னும் நிறையச் சேலை வைக்க வேண்டும், நம்மிடம் என்னென்ன இருக்கிறது என்று வாசலிலேயே தெரிய வேண்டும் என்கிறார் மாமா. எனக்கு என்னவோ குறைக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு முன் இதைச் சரிசெய்துவிட வேண்டும். அழகர் படம், மீனாட்சி படம் வைத்து அலங்கரிக்கலாமா? பொம்மைக்கு மல்லிகைப் பூ வைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் வாசகி எழுதியது:

தங்கச்சி, எனக்குக் கடை அலங்காரம் தெரியாது. சேலை வாங்கத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

மேலூரிலிருந்து பஸ் ஏறி, மாட்டுத்தாவணியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து மாசி வீதிக்கு வருகிறவர்கள் நாங்கள். வீட்டில் விசேஷம் என்றால் ஒரே நாளில் பாத்திரம், துணி, மளிகை எல்லாம் முடித்தாக வேண்டும். ஒரு கடைக்குள் ஏறலாமா வேண்டாமா என்று வாசலிலேயே முடிவு செய்துவிடுவோம். கண்ணாடி போட்டு, விளக்குப் போட்டு, பொம்மை நிறுத்திய கடையைப் பார்த்தால் முதலில் வருவது பயம்தான். உள்ளே போய் விலை கேட்டு, கட்டுப்படியாகாமல் இறங்கி வருவது கூச்சமாக இருக்கும். அதனால் ஷோகேஸில் விலையை எழுதி வையுங்கள். உயர்ந்த விலைச் சேலை ஒன்றின் விலையோடு, உங்களிடம் இருப்பதிலேயே குறைந்த விலைச் சேலையின் விலையும் தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் அச்சடித்த சிறிய எழுத்து வேண்டாம். கையால், கறுப்பு மையில், வெள்ளை அட்டையில் பெரிதாக எழுதுங்கள். என் அம்மாவுக்குக் கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாது.

இன்னொன்று. பாயை எடுத்துவிடாதீர்கள். வயதானவர்கள் கால் நீட்டி உட்கார ஒரு கடை இருக்கிறது என்பதற்காகவே நாங்கள் பழைய கடைகளுக்குப் போகிறோம். அந்தப் பாய் வாசலிலிருந்து தெரிய வேண்டும். கண்ணாடி அதை மறைக்கக் கூடாது.

அலங்காரக்காரர் எழுதியது:

அம்மா, முதலில் அந்தப் பொம்மைகள் இரண்டையும் ஷோகேஸிலிருந்து இறக்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன். ஜவுளிக்கடை ஷோகேஸ் அலங்காரம்தான் எனக்குத் தொழில். மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் பல கடைகளுக்குச் செய்திருக்கிறேன். இந்த ஊர்க் கடைகளில் கவனிக்காமல் விடப்படும் விஷயம் தரை உயரம். சாக்கடைக்கும் மழைத் தண்ணீருக்கும் பயந்து எல்லோரும் கடையை இரண்டு படி ஏற்றிக் கட்டியிருக்கிறோம். அதற்கு மேல் ஷோகேஸ் பலகை. ஆகப் பொம்மை நிற்கும் இடமே சாலையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கும். நம் பெண்களில் பெரும்பாலோர் ஐந்தடி உயரம். அவர்களின் கண் சாலையிலிருந்து நாலரை அடிக்குச் சற்று மேலே. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அவர்கள் கண்ணுக்கு நேராக வருவது பொம்மையின் இடுப்புக்குக் கீழே உள்ள தொடைப் பகுதி. வெறும் கொசுவ மடிப்பு. முந்தானை தலைக்கு மேல் எங்கேயோ இருக்கிறது. சேலையின் அழகான பகுதியை உயரத்தில் வைத்துவிட்டு, நிமிர்ந்து பாருங்கள் என்று நடந்து போகிறவர்களிடம் கேட்கிறோம். சந்தில் வண்டி வருகிறதா, மாடு வருகிறதா என்று பார்த்து நடப்பவர்கள் நிமிர மாட்டார்கள்.

ஆகவே முந்தானை சாலையிலிருந்து நாலடிக்கும் ஐந்தடிக்கும் நடுவில் வர வேண்டும். கால் இல்லாத, இடுப்பளவுப் பொம்மை கிடைக்கிறது, அது போதும். பொம்மையே இல்லாமலும் செய்யலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். நல்ல மூங்கில் கழி ஒன்றை மேலிருந்து இரண்டு கயிற்றில் தொங்கவிட்டு, அதில் சேலையைப் போட்டு முந்தானை முன்பக்கம் விழும்படி விடுங்கள். சேலையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். உங்கள் ஆறடியில் அகலம் முழுவதையும் விரித்துக் காட்டலாம், இரண்டு கரையும் தெரியும். மடித்து வைத்த சேலையில் பாதிக் கரைதான் தெரியும், உடலே தெரியாது.

அடுத்தது, சந்தில் நடக்கிறவர் ஷோகேஸுக்கு எதிரே நிற்பதே இல்லை. பக்கவாட்டில் வருகிறார். ஆறடியைக் கடக்க, கூட்டம் இல்லாதபோது இரண்டு விநாடிகூட ஆகாது. நேர் எதிரே வந்தபின் பார்த்துக்கொள்வார் என்று விட்டால் அவர் கடந்து போயிருப்பார். கூட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? விளக்குத்தூண் பக்கத்திலிருந்துதான் அதிகம் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்தக் கழியை, அந்தப் பக்கம் முகம் பார்க்கும்படி சாய்வாகத் திருப்பித் தொங்கவிடுங்கள். பத்தடி தொலைவில் வரும்போதே அவருக்கு முந்தானை தெரியும். இந்தத் திருப்பலுக்கு ஒரு பைசா செலவில்லை. இதை மட்டும் செய்துவிட்டு ஒரு மாலை எதிர்த் திண்ணையில் நின்று கவனியுங்கள்.

இப்போது உங்கள் மாமனார் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பத்துத்தூண் சந்துக்குள் போனால் கடை முகப்பு முழுவதும் நைட்டி, பாவாடை, துண்டு என்று தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே அது சரி. மலிவாக, பத்து உருப்படி சேர்த்து வாங்க வருகிறவருக்கு அந்தக் குவியலே அழைப்பு. ஆனால் கைமுடிச்சுச் சுங்குடியை அப்படி விற்க முடியாது. ஒரு பெண் பல நாள் உட்கார்ந்து, நகத்தால் துணியைக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிய புள்ளிகள் அவை. இருபது சேலையை அடுக்கினால் அந்தப் புள்ளி கண்ணில் படாது, வண்ணக் கற்றைதான் தெரியும். பக்கத்துக் கடையில் தொங்கும் அச்சுச் சேலைக்கும் உங்கள் சேலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் உங்கள் விலை அதிகம் என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார். சேலையை உதறிப் போட்டுக் காட்டும் கை உங்கள் மாமனாருக்கு இருக்கிறதே, அது பாயில் நடக்கட்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சேலையைத் தொட்டுப் பார்க்க முடியாது, விரிக்க முடியாது. அங்கே எண்ணிக்கை உதவாது.

என் யோசனை இது. ஷோகேஸில் மூன்று துணி மட்டும் வையுங்கள். கண்ணாடியை ஒட்டி, கை எட்டும் தூரம் போலத் தோன்றும் இடத்தில், முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. சாயம் படாதது, புள்ளி புள்ளியாக நூல் முடிச்சுகள் நிற்பது. அதற்குச் சற்றுப் பின்னால், உயரமாக, சாயத்தில் தோய்த்து உலர்த்தி, முடிச்சு இன்னும் அவிழ்க்காத துணி. சுருங்கி, கையளவு அகலத்துக்கு வந்திருக்கும். அதற்கும் பின்னால், கழியில், அதே நிறத்தில் முடிச்சு அவிழ்த்து விரித்த சேலை. சாயம் ஏறிய இரண்டும் ஒரே சாயமாக இருக்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர் இதுவரை பார்த்திராத பொருள் அந்த முடிச்சு. இது என்ன என்று நிச்சயம் குனிந்து பார்ப்பார். மதுரைக்காரர்களிலேயே இளம் பிள்ளைகள் பலருக்குப் புள்ளி எப்படி வருகிறது என்று தெரியாது. மதுரைச் சுங்குடிக்கு 2005ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதையும் அட்டையில் ஒரு வரி எழுதலாம். மேலூர் அம்மா சொன்ன விலை அட்டையும் அவசியம் வேண்டும். விலை போடாத ஷோகேஸை நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

மெழுகு அச்சுச் சேலைகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவற்றுக்கும் ஒரு வாரம் கொடுங்கள், தனியாக. கைமுடிச்சோடு கலந்து வைக்காதீர்கள். கலந்தால் இரண்டுக்கும் கெடுதல்.

கண்ணாடி பிரதிபலிப்புக்கு வருவோம். சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், முன்பரப்பில் 4, பின்பரப்பில் 4. வெயிலில் நிற்கும் சுவரிலிருந்து வரும் 8 சதவீதமே உங்கள் ஷோகேஸ் உள்ளே இருக்கும் வெளிச்சத்தைவிட அதிகம். அதிலும் பின்னால் கருநீல வெல்வெட் போட்டிருக்கிறீர்கள். இருட்டுத் துணி பின்னால் இருந்தால் எந்தக் கண்ணாடியும் முகம் பார்க்கிற கண்ணாடிதான். நகைக்கடைக்கு வெல்வெட் பொருந்தும், அங்கே பொருளே மின்னும். நீங்கள் அதை எடுத்துவிட்டு வெளுக்காத காடாத் துணியை இழுத்துக் கட்டுங்கள். சந்தன நிறத்தில், கண்ணை உறுத்தாமல், எந்தச் சாயத்தையும் எடுத்துக் காட்டும். பொருளைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுவாருங்கள். வெளியே மூன்றடி நீளத்துக்குச் சாய்வான கேன்வாஸ் பந்தல் போடுங்கள்.

மேற்கு வெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்துவிடும், பந்தலுக்குக் கீழே புகுந்து அடிக்கும். எதிர்க்கட்டடம் எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை. அதன் நிழல் உங்கள் மீது விழுகிற வரைக்கும் மூங்கில் தட்டித் திரை ஒன்றைப் பந்தல் விளிம்பிலிருந்து இறக்கிவிடுவதுதான் வழி. கண்ணாடியில் ஒட்டும் படலம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், ஆனால் சாதாரண வெளிச்சமும் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ராணி பிங்க், கத்தரிப்பூ நிறம் போன்றவற்றை வாரத்துக்கு மேல் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள். வடக்குப் பார்த்த கடை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: நமக்கு வெயில் வராது என்று இருந்துவிடாதீர்கள். மதுரை ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரையிலிருந்து ஆவணி முற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும்.

சாமி படம் வேண்டாம் என்பது என் கருத்து. பொம்மைக்கும் சேலைக்கும் நடுவே, தரையில், குப்பை பறக்கும் உயரத்தில் மீனாட்சியை வைப்பது எனக்கு மனம் ஒப்பாது. கல்லாவுக்கு மேலே மாமனார் வைத்திருப்பாரே, அங்கே இருக்கட்டும். திருவிழாவை நிறத்தால் காட்டலாம். அழகர் ஆற்றில் இறங்கும்போது பச்சைப் பட்டு உடுத்தியிருந்தால் நாடு செழிக்கும் என்று நம்புகிற ஊர் இது. சாயம் ஏறிய அந்த இரண்டு துணியும் கிளிப்பச்சையில் இருந்தால் போதும், வேறு சொல்ல வேண்டியதில்லை. கூடவே ஏதாவது வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் விளாச்சேரியில் மண் கிளி ஒன்று வாங்கிக் கழியின் நுனியில் உட்கார வையுங்கள். நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது விளாச்சேரிப் பொம்மைகளை நிறைய வைக்கலாம், அது வேறு கதை.

மல்லிகையை ஷோகேஸுக்குள் வைக்காதீர்கள். காலையில் மொட்டாகப் பறித்த பூ மாலையில்தான் விரியும், விரிந்தபின் அந்த அடைப்புக்குள் சீக்கிரம் பழுப்பேறிவிடும். தண்ணீர் தெளித்தால் சேலையில் கறை. மணமோ கண்ணாடியைத் தாண்டி வராது. வாசல் நிலையில் ஒரு முழம் சுற்றுங்கள், படியேறுகிறவருக்கு மணக்கட்டும்.

வயரிங் தம்பி எழுதியது:

அண்ணன் சொன்னதோடு விளக்கைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். வெள்ளை வெளேரென்று 6500 கெல்வின் பல்பு போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள் அக்கா. அந்த வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் செத்துப்போகும். இளமஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் எல்.இ.டி. ஃபோகஸ் விளக்கு வாங்குங்கள். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று சொல்வது, அது 90க்குக் குறையக் கூடாது. அந்த எண் குறைந்த விளக்கில் அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தெரியும். வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பகலில் பார்த்துவிட்டு நிறம் வேறு என்று திரும்பி வருவார்.

விளக்கைக் கண்ணாடிப் பக்கம் மேலே பொருத்தி உள்நோக்கிச் சாய்க்க வேண்டும். பின்னாலிருந்து அடித்தால் பார்ப்பவர் கண் கூசும். நேர் மேலிருந்து அடித்தால் புள்ளியின் சுருக்கம் தெரியாது. பக்கத்திலிருந்து ஒரு விளக்குச் சாய்வாக விழுந்தால் அந்த முடிச்சு ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும், அதுதான் அழகு. 12 வாட் விளக்கு நான்கு போதும். மாலை ஐந்திலிருந்து இரவு பத்து வரை எரிந்தாலும் மாதம் 7 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். ஷட்டர் போட்ட பிறகும் தெரியும்படி கம்பி வலை ஷட்டராக இருந்தால் டைமர் வைத்துவிடுங்கள். திருவிழா நாட்களில் சுவாமி மாசி வீதிகளில் வலம் வரும்போது இரவு வெகுநேரம் ஆட்கள் நடமாடுவார்கள்.

தெர்மகோல், காகிதப் பூ எதையும் விளக்குக்கு அருகில் வைக்காதீர்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள், குழாய்க்குள் விடுங்கள், ஷோகேஸுக்குத் தனி எம்.சி.பி. (கோளாறு என்றால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வையுங்கள். 2018 பிப்ரவரியில் கோயில் வீரவசந்தராயர் மண்டபக் கடைகளில் பிடித்த தீயை நாம் எல்லோரும் பார்த்தோம். துணிக்கடையில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐப்பசி மழைக்குப் பின் ஈசல் வரும். கண்ணாடி இடுக்குகளைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடுங்கள், காடாத் துணியில் ஈசல் சிறகு ஒட்டினால் பார்க்கவே முடியாது.

சுங்குடிக்கடை மருமகள் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. எதிரே இருப்பது இரண்டு மாடிக் கட்டடம். நாலரை மணிக்கே நிழல் வந்துவிடுகிறது, அதுவரை தட்டி இறக்கிக்கொள்கிறோம். வெல்வெட்டை எடுத்தாயிற்று. பொம்மைகளை இறக்கிக் கழியில் ஒரு பச்சைச் சேலையைப் போட்டு, விளக்குத்தூண் பக்கமாகத் திருப்பி வைத்தேன். நேற்று மாலை கல்லூரிப் பிள்ளைகள் சிலர் நின்றார்கள், வயதான தம்பதி படியேறி உள்ளே வந்து விலை கேட்டார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவில் அவராகவே பழைய பெட்டியைத் திறந்து, முடிச்சு அவிழ்க்காத துணி ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

இன்னும் ஒரு கேள்வி அண்ணே. எங்களுக்கு முடிச்சுப் போட்டுத் தரும் அம்மா ஒருவர் இருக்கிறார். திருவிழா நாட்களில் அவரை ஷோகேஸுக்குள் உட்கார வைத்து முடிச்சுப் போடச் சொன்னால் கூட்டம் கூடும் என்கிறார் என் கணவர். செய்யலாமா?

அலங்காரக்காரர் எழுதியது:

கண்ணாடிக்குள் வேண்டாம் அம்மா. சித்திரை வெயிலில் அந்தப் பெட்டிக்குள் மனிதர் உட்கார முடியாது. தவிரவும், காட்சிப் பொருளாக உட்கார வைப்பதை அவர் விரும்புவாரா என்று யோசியுங்கள். முதலில் அவரிடம் கேளுங்கள். சம்மதித்தால் வாசல் பாயில், மாமனாருக்குப் பக்கத்தில், மின்விசிறிக்குக் கீழே இடம் கொடுங்கள். முடிச்சுக்குக் கொடுக்கும் கூலி தனி, அங்கே வந்து உட்காரும் நாளுக்குச் சம்பளம் தனி என்று பேசிக்கொள்ளுங்கள். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை போதும். கேட்கிறவர்களுக்கு அவரே பதில் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே விலை சொல்லாதீர்கள்.

திருக்கல்யாணத்தன்று பெண்கள் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டு கோயில் பக்கமிருந்து வருவார்கள், அன்று வைத்தால் நல்லது. மறுநாள் தேரோட்டம். தேர் மாசி வீதியில் வரும்போது சந்தெல்லாம் அடைத்து ஆட்கள் நிற்பார்கள், அன்று மட்டும் வாசலில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். தட்டியையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.